ஏரியைப் பார்த்துக்கொண்டவர்கள்

முன்னே ஒரு காலம். எந்தக் காலம் என்று கேட்டால், ராஜா நினைத்தால் தலை போகும், மழை நினைத்தால் ஊர் போகும் என்றிருந்த காலம். அப்போது ஒரு நாட்டை மகுடராயர் என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. பசி என்று வந்தவனைத் துரத்தமாட்டார், சும்மா சும்மா சண்டைக்குப் போகமாட்டார். ஒரே ஒரு கோளாறு. மனசில் ஒன்று தோன்றிவிட்டால் அது நடந்தே முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

ஒரு கோடையில் அவருக்குத் தோணியில் போக ஆசை வந்தது. தச்சர்களைக் கூப்பிட்டார். அன்னப்பறவையின் கழுத்தும் மூக்கும் வைத்து, உள்ளே பட்டு விரித்து, மேலே குடை கட்டி, பார்க்கிறவன் வாய் பிளக்கிற மாதிரி ஒரு தோணி தயாரானது. தோணி தயாரான பிறகுதான் தண்ணீர் ஞாபகம் வந்தது. நாட்டில் இருந்த ஒரே பெரிய ஏரி போன மழையில் உடைந்து கிடந்தது. தேரை உள்ளே ஓட்டித் திருப்பி வெளியே கொண்டுவரலாம், அவ்வளவு பெரிய உடைப்பு. ஏரிக்குள்ளே மாடு மேய்ந்தது.

ராஜா அசரவில்லை. தினமும் காலையில் அரண்மனை முற்றத்தில், வெறும் மண்ணில் நிறுத்தியிருந்த தோணியில் ஏறி உட்காருவார். இரண்டு பக்கமும் சாமரம் வீசுவார்கள். "ஏரி என்ன ஆயிற்று?" என்று கேட்பார்.

"நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மகாராஜா" என்று சபையே ஒரே குரலில் சொல்லும்.

ராஜாவுக்கு வயிறு குளிர்ந்துவிடும். தோணியை விட்டு இறங்கிக் குளிக்கப் போய்விடுவார். கோடை முழுக்க இந்த நாடகம்தான் நடந்தது.

அந்தச் சபையில் தொப்பளான் என்று ஒரு விகடன் இருந்தான். கிணறு வெட்டுகிற கூட்டத்தில் பிறந்தவன். அப்பன் பாறை உடைத்தான், அம்மா மண் சுமந்தாள், இவனும் மீசை முளைக்கிறவரை கூடை தூக்கினான். ராஜா ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது ஏதோ பேசி அவரைச் சிரிக்க வைத்துவிட்டான். அன்றிலிருந்து அரண்மனைச் சோறு. சோறு மாறினாலும் உள்ளங்கைக் காய்ப்பு மாறவில்லை. அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிக்கிறார் என்பதே சபையில் பலருக்கு வயிற்றெரிச்சல். முக்கியமாகப் பிரதானி சேதுநாதருக்கு. முதல் மந்திரியான அவர் மூன்று சாஸ்திரம் படித்து எடுத்துச் சொன்னாலும் ராஜா கொட்டாவிதான் விடுவார்.

ஒரு காலையில் மேற்கே வானம் கறுத்து நின்றது. காற்றில் ஈர வாடை. ராஜா தோணியில் உட்கார்ந்து, "மழை வரப்போகிறது. ஏரி நிறைந்ததும் முதல் நாளே போகலாம். கரை அடைத்தாயிற்றல்லவா?" என்றார்.

"பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம், மகாராஜா" என்றார் பிரதானி.

தொப்பளானுக்கு அடக்க முடியவில்லை. பக்கென்று சிரித்துவிட்டான்.

பிரதானி அந்தச் சிரிப்பைக் கீழே விழவிடவில்லை. "மகாராஜா, இவ்வளவு பெரிய காரியத்தைப் பார்த்துச் சிரிக்கிறவனுக்கு அதைச் செய்யவும் தெரிந்திருக்கும். ஏரிப் பொறுப்பை விகடனிடமே கொடுத்துவிடுங்கள். ஆனால் பொறுப்பு என்று வந்தால் நடுவில் நழுவக்கூடாது. ஆகவே ஏரியைப் பார்த்துக்கொள்கிறவர் எவரோ, அவர் மழைக்காலம் ஓயும்வரை உடைப்புக்கு நேர் கீழே குடிசை போட்டுக் குடியிருக்க வேண்டும்."

ராஜாவுக்கு இது வேடிக்கையாகப் பட்டது. "நல்ல யோசனை. இதுவே நம் உத்தரவு!"

தொப்பளானுக்குச் சூழ்ச்சி புரிந்தது. உடைப்புக்குக் கீழே அடிக்கரை என்று ஒரு ஊர் இருக்கிறது. போன மழையில் ஏரி அந்த ஊருக்குள்தான் இறங்கியது. ஆடு, மாடு, அடுப்பு, குதிர் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் இழுத்துக்கொண்டு போனது. அப்போது ஏரியில் பாதித் தண்ணீர்தான். இந்த மழைக்குள் உடைப்பு அடையாவிட்டால் அடிக்கரை என்று ஒரு ஊர் இருந்ததாகச் சொல்லிக்கொள்ளத்தான் முடியும். அந்த ஊரோடு தானும் போகவேண்டும் என்பதுதான் பிரதானியின் கணக்கு.

"உத்தரவு, மகாராஜா. செய்கிறேன்" என்றான். "ஆனால் ஆளும் கல்லும் வேண்டுமே?"

படைக்குத் தலைவரான தளவாய் இரணசிங்கர் மீசையை நீவிக்கொண்டு எழுந்தார். "ஆட்களை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அரண்மனைக் கிடங்குக்கு அதிகாரியான மணியம் ஆபத்சகாயம் எழுந்தார். "கல், சுண்ணாம்பு, கூடை, கடப்பாரை, எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்."

பிரதானி கடைசியாக, பெருந்தன்மையோடு, "மொத்தத்தையும் மேலே இருந்து நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதைத் தொப்பளானும் பார்த்தான்.

*

மறுநாள் தொப்பளான் கரைக்குப் போனான். போனவன் திகைத்து நின்றான். குதிரைமேல் கங்காணிகள், குடைக்குக் கீழே கங்காணிகள், மரத்தடியில் வெற்றிலை மெல்லுகிற கங்காணிகள். மண்வெட்டி பிடித்தவர்களைத்தான் தேடவேண்டியிருந்தது.

மண் சுமக்கிற பெண்களுக்குத் தலைவி அங்காயி. அடிக்கரைக்காரி. கூடையை இறக்கிவைத்துவிட்டு இவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாப்பா. நீ எத்தனாவது கங்காணி?"

"நான் கங்காணி இல்லக்கா. பொறுப்பு."

"அது அதைவிட மோசம்" என்றாள் அங்காயி. "விடிஞ்சதும் ஒருத்தன் வந்து மேற்கால இருக்கற மண்ணைக் கிழக்கால கொட்டுன்னான். கொட்டுனோம். வெயில் ஏறுனதும் இன்னொருத்தன் வந்து எவன்டி இங்க கொட்டச் சொன்னான், மேற்கால கொட்டுன்னான். கொட்டுனோம். ஒரே மண்ணு என் தலைமேல போகுது வருது. இப்ப அது என்னைப் பேரு சொல்லிக் கூப்புடுது."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பில் தெம்பு இல்லை.

"கல்லு வந்துச்சா?"

"வருதாம்."

"சுண்ணாம்பு?"

"அதுவும் வருதாம். மணியக்காரரு பாத்துக்கறாராம்."

"ஆளு ஏன் இவ்வளவு கம்மி?"

"அதைத் தளவாய் பாத்துக்கறாராம்." அங்காயி தலைச்சும்மாட்டை அவிழ்த்து உதறினாள். "ஆளாளுக்குப் பாத்துக்கறாங்க. எங்க ஊரு எருமையும் கரைமேல நின்னு ஏரியைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்குது. அதுக்கும் ஒரு குதிரை குடுத்துக் கங்காணி ஆக்கிருங்க."

தொப்பளான் ஒரு நடை மணியம் வீட்டுக்குப் போனான். "பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், நீ போ" என்று வாசலிலேயே பதில் வந்தது. தளவாய் வீட்டுக்குப் போனான். தோட்டத்தில் புதுச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. ஏரிக்கு வரவேண்டிய ஆட்கள் அங்கே சாந்து குழைத்துக்கொண்டிருந்தார்கள். தளவாய் மீசைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, "பார்த்துக்கொள்கிறேன் என்றால் பார்த்துக்கொள்கிறேன். ஒரே பேச்சு" என்றார். பிரதானி ஊஞ்சலை விட்டு இறங்கவே இல்லை.

மேகம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் அங்காயியின் எருமை அவன் கண்ணுக்குள்ளேயே நின்றது. பார்க்கிறது. சும்மா பார்த்துக்கொண்டே நிற்கிறது. திடீரென்று தொப்பளான் நடுவழியில் நின்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். எதிரே வந்த வண்டிக்காரன் ஒதுங்கிப் போனான்.

கரைக்கு வந்ததும், "அக்கா, உடைப்புக்கு நேர் கீழ குடிசை போடணும்" என்றான்.

"உத்தரவு எங்க காதுக்கும் வந்துச்சு. ஒண்ணு போட்டுத் தாரோம்."

"ஒண்ணு இல்ல, நாலு."

அங்காயி இடுப்பில் கை வைத்தாள். "உனக்கு எத்தனை பொண்டாட்டிப்பா?"

*

அடுத்த நாள் சபை கூடியபோது தொப்பளான் கைகட்டி நின்றான். "மகாராஜா, உத்தரவுப்படி வீடுகள் தயார். கிரகப்பிரவேசத்துக்கு எல்லாரையும் அழைத்துப் போக வந்திருக்கிறேன்."

"எல்லாரையும் என்றால்?"

"ஏரியைப் பார்த்துக்கொள்கிறவர் உடைப்புக்குக் கீழே குடியிருக்க வேண்டும் என்பது தங்கள் வாக்கு. யோசனை சொன்னவர் பிரதானி. ஆட்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தளவாய் சொன்னார். கல்லையும் சுண்ணாம்பையும் பார்த்துக்கொள்கிறேன் என்று மணியம் சொன்னார். மொத்தத்தையும் பார்த்துக்கொள்கிறேன் என்று பிரதானியே சொன்னார். சரியாகப் பார்த்தால், மகாராஜா, நான் மட்டும்தான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. செய்கிறேன் என்றுதான் சொன்னேன். இருந்தாலும் பரவாயில்லை, எனக்கும் ஒரு குடிசை போட்டுக்கொண்டேன். இவ்வளவு பெரியவர்களுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிற பாக்கியம் வேறு எப்போது கிடைக்கும்?"

மணியம் பதறி எழுந்தார். "மகாராஜா! அது... அது ஒரு பேச்சுக்குச் சொன்னது!"

ராஜாவின் புருவம் உயர்ந்தது. "பேச்சுக்கா? நம் சபையில் பேச்சுக்குச் சொல்கிற வழக்கம் எப்போதிலிருந்து?"

கோடை முழுக்கத் தோணியில் உட்கார்ந்து கேட்ட பதில்கள் ராஜாவின் மனசில் ஒவ்வொன்றாக வந்துபோவது முகத்திலேயே தெரிந்தது. பிரதானி எதையாவது சொல்லப்போய், அதுவும் உத்தரவாகிவிடுமோ என்று விழுங்கிக்கொண்டார்.

"இன்றைக்கே குடிபோகட்டும்" என்றார் ராஜா.

போனார்கள். மணியம் ஒரு மண்பானையும் மூட்டைப்பூச்சி மருந்தும் கொண்டுபோனார். தளவாய் வாளைக் கொண்டுபோனார், தண்ணீரை வெட்டலாம் என்று நினைத்தாரோ என்னவோ. பிரதானிக்குப் பின்னால் இரண்டு ஆள் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தார்கள். குடிசைக்குள் மெத்தை நுழையவில்லை. கதவுப் படலைப் பிய்த்து உள்ளே தள்ளினார்கள். மெத்தை நுழைந்த பிறகு பிரதானிக்கு இடமில்லை.

குடிசை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் உடைப்பு தெரியும். உடைப்புக்குப் பின்னால் மேகம் தெரியும். வேறு எதுவும் தெரியாது. அரண்மனை மாடத்திலிருந்து பார்க்கும்போது அழகாக இருந்த அதே மேகம்தான்.

மணியம் ஒரே ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். அன்று மாலைக்குள், கிடங்கில் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்யப்பட்ட சுண்ணாம்பு வண்டி வண்டியாக வந்தது. பின்னாலேயே கல் வந்தது. தளவாய் வீட்டுத் தோட்டச் சுவர் பாதியில் நின்றது, ஆட்கள் கரைக்கு வந்தார்கள். தளவாயே குதிரையை விட்டு இறங்கி, "ஓடுங்கடா, ஓடுங்கடா!" என்று கத்தினார்.

இதில்தான் புதுத் தொல்லை. பயம் வந்த அதிகாரி சும்மா இருக்கமாட்டான், ஆளுக்கு ஒரு கட்டளை போட ஆரம்பித்துவிடுவான். தளவாய் கல்லை முதலில் போடு என்றார். மணியம் சாந்தை முதலில் போடு என்றார். பிரதானி வடக்கே வாஸ்து சரியில்லை என்றார். அங்காயியின் மண் மறுபடியும் ஊர்வலம் கிளம்பியது.

தொப்பளான் கரைமேல் ஏறி நின்று கைதட்டினான்.

"பெரியவங்க எல்லாரும் கட்டளை போடலாம், தாராளமாப் போடலாம். யாரும் தடுக்கக்கூடாது. ஒரே ஒரு சின்ன ஏற்பாடு. கட்டளை போடறவங்க ஒரு கூடை மண்ணோட மேலே வந்து போடணும். கட்டளை சின்னதுன்னா சின்னக் கூடை. பெருசுன்னா பெருசு."

தளவாய் வீரர். பின்வாங்கினால் மானக்கேடு. "எங்கே கூடை!" என்று வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு கரை ஏறினார். பாதி வழியில் மூச்சு வாங்கியது. ஈர மண் கசிந்து, எண்ணெய் போட்டு வளர்த்த மீசை வழியாக ஒழுகி, வாய்க்குள் போயிற்று. மேலே வந்து கூடையைக் கவிழ்த்தார்.

"சொல்லுங்க சாமி, என்ன கட்டளை?" என்று அங்காயி பணிவாகக் கேட்டாள்.

தளவாய் வாயிலிருந்த மண்ணைத் துப்பினார். யோசித்தார். "நீ... நீ எப்படிச் செய்கிறாயோ, அதுதான் என் கட்டளை."

அதற்குப் பிறகு கரையில் சத்தம் அடங்கியது. கல் எங்கே போகவேண்டும் என்று தொப்பளான் ஒருவன்தான் சொன்னான். அவனும் கூடையோடுதான் சொன்னான். மண் கூடைக்குப் பதவி தெரியாது. எந்தத் தலையில் ஏற்றினாலும் கழுத்தை ஒரே மாதிரிதான் அழுத்தும். உடைப்பு இரண்டு பக்கமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிவந்தது.

*

கரை பாதிக்கு மேல் எழும்பியபோது ராஜா யானைமேல் பார்க்க வந்தார். பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மலர்ந்தால் ஆபத்து. உடனே ஏதாவது தோன்றும்.

"பலே, தொப்பளான்! அப்படியே இந்தக் கரைமேல் ஒரு மண்டபம் கட்டிவிடு. நான் உட்கார்ந்து காற்று வாங்க."

தொப்பளான் தலைக்கூடையைக் கீழே இறக்கினான்.

"அப்படியே தோணி ஏற ஒரு படித்துறை. அப்படியே படித்துறைக்கு இரண்டு பக்கமும் யாளி."

சொல்லிக்கொண்டே போனார். ஆள்கிறவர்களுக்கு ‘அப்படியே’ என்ற சொல் வாயில் எடையில்லாமல் வரும். அது இறங்குகிற இடம் அடுத்தவன் முதுகு.

தொப்பளான் யானைக்குக் கீழே போய் நின்று, விளையாட்டுப் பேச்சையெல்லாம் விட்டுவிட்டு நேராகவே சொன்னான். "மகாராஜா, இருப்பது இந்தக் கல்தான், இந்த ஆட்கள்தான். மழை நெருங்கிவிட்டது. மண்டபத்துக்குக் கல் போனால் உடைப்பு அடையாது. அடிக்கரை நிற்காது."

"அதெல்லாம் நீ சாமர்த்தியசாலி, முடித்துவிடுவாய். எல்லாமே நடக்கட்டும்" என்றார் ராஜா.

பிரதானி இதற்காகத்தான் காத்திருந்தார். மண்டபம் எழும்பினால் கரை எழும்பாது, கரை எழும்பினால் மண்டபம் எழும்பாது. எப்படியும் விகடன் ஒழிந்தான். தான் மட்டும் குடிசையை விட்டுக் கிளம்பிவிட்டால் போதும். "அருமையான சிந்தனை, மகாராஜா! தங்கள் பெயர் தலைமுறை தலைமுறையாக நிற்கும். மண்டபத்தை நான் பார்..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மண்டபத்துக்கு நான் படம் வரைகிறேன். அரண்மனையில் இருந்தால்தான் கை வரும். கட்டத் தவறினால் விகடனுக்கு என்ன தண்டனை என்பதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது."

"தவறினால் இந்த நாட்டில் அவனுக்கு இடமில்லை" என்றார் ராஜா. யானை திரும்பியது. பிரதானி அதன் பின்னாலேயே, மெத்தையைக்கூட எடுக்காமல், நடந்தே போய்விட்டார்.

அங்காயி கூடையோடு வந்து நின்றாள். முகத்தில் கேலி இல்லை. "என்னப்பா செய்யப் போற? ஆளைப் பிரிச்சு மண்டபத்துக்கு அனுப்பிருவியா?"

தொப்பளான் கரைமேல் உட்கார்ந்து கீழே பார்த்தான். அடிக்கரையில் அடுப்பு மூட்டுகிற நேரம். கூரைகளுக்கு மேலே புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"அக்கா, ராஜா என்ன சொன்னாரு? வார்த்தை மாறாம சொல்லு."

"அப்படியே ஒரு மண்டபம்னாரு. அப்படியே ஒரு படித்துறைன்னாரு. அப்படியே யாளின்னாரு."

"அப்படியேன்னாருல்ல?"

"ஆமா."

"அப்ப அப்படியே விட்டுரு."

அங்காயிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் பயம் வந்துவிட்டது. "நாட்டை விட்டே தொரத்திருவாங்கப்பா."

"தொரத்துனா நான் ஒருத்தன்தான் நடப்பேன். கரை போனா நீங்க எல்லாரும் நடக்கணும். அதுவும் நடக்கறதுக்குக் காலு மிஞ்சுனா." எழுந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டான். "வா, கல்லு காஞ்சுக்கிட்டுக் கெடக்குது."

*

மழை உச்சிவேளையில் வந்தது. தூறல், சாரல் என்று மரியாதையெல்லாம் இல்லை. எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. உடைப்பின் கடைசி வரிசைக் கல் அப்போதுதான் உட்கார்ந்திருந்தது. காட்டிலிருந்து செந்தண்ணீர் ஏரிக்குள் இறங்கி, மாடு மேய்ந்த இடத்தை மூடி, கரையை மோதிப் பார்த்தது.

"கசியுது!" என்று அங்காயி கத்தினாள்.

கரையின் அடிப்பக்கத்தில், பழைய மண்ணும் புதுக் கல்லும் சேருகிற இடத்தில், கலங்கல் தண்ணீர் குமிழியிட்டது. தெளிந்த நீர் கசிந்தால் தூங்கலாம். கலங்கல் கசிந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். களிமண்ணை அப்பினார்கள், அடித்துக்கொண்டு போனது. வைக்கோலைத் திணித்தார்கள், அதுவும் போனது.

தொப்பளான் சுற்றுமுற்றும் பார்த்தான். பிரதானியின் குடிசைக்குள்ளே மெத்தை நனையாமல் அடைத்துக்கொண்டு கிடந்தது.

"மணியம் அய்யா, அந்தப் பக்கம் பிடிங்க!"

மணியம் ஆபத்சகாயம் வாழ்க்கையில் முதல்முறையாகப் பேர் சொல்லுகிற வேலையைச் செய்தார். முழங்கால் சேற்றில் நின்று மெத்தையை இழுத்தார். தளவாய் அதைச் சுருட்டித் தோள்கொடுத்துத் துளைக்குள் தள்ளினார். பஞ்சு தண்ணீரைக் குடித்து ஊதியது. அதன்மேல் களிமண், அதன்மேல் கல், கல்லின்மேல் தளவாயே ஏறி உட்கார்ந்துகொண்டார். கலங்கல் மெல்ல மெல்லக் குறைந்து, நூல் மாதிரி ஆகி, நின்றது.

அடிக்கரைக் கூரைகள் மழையில் நனைந்துகொண்டு, இருந்த இடத்திலேயே இருந்தன.

மழை சற்று விட்டதும் ராஜா பரிவாரத்தோடு வந்து சேர்ந்தார். ஏரி கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீராகக் கிடந்தது. அவர் வாய் திறப்பதற்கு முன் பிரதானி முந்திக்கொண்டார்.

"மகாராஜா, நன்றாகப் பாருங்கள்! மண்டபம் எங்கே? படித்துறை எங்கே? யாளி எங்கே? தங்கள் உத்தரவை மண்ணில் போட்டு மிதித்திருக்கிறான்!"

ராஜாவின் முகம் இறுகியது. "தொப்பளான்! மண்டபம் என்ன ஆயிற்று?"

தொப்பளான் தலைமுதல் கால்வரை சேறாக வந்து வணங்கினான். "தங்கள் உத்தரவை ஒரு எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியிருக்கிறேன். ‘அப்படியே ஒரு மண்டபம்’ என்றீர்கள். மண்டபம் அன்றைக்கு எப்படி இருந்ததோ, அப்படியே இருக்கிறது. படித்துறையும் அப்படியே. யாளியின் பல்லில்கூட ஒரு கீறல் விழவில்லை."

"அன்றைக்கு மண்டபமே இல்லையேடா!"

"இன்றைக்கும் இல்லை, மகாராஜா. அப்படியே."

யானைப்பாகன் தும்மலுக்குள் சிரிப்பை ஒளித்தான். ராஜாவின் உதடு துடித்தது. ஆனாலும் கோபத்தை விடவில்லை. "கட்டியிருந்தால் என்னவாம்?"

"கட்டியிருந்தால் மண்டபத்தில் தாங்கள் அமர்ந்து காற்று வாங்கலாம். எதிரே ஏரி இருக்காது. கீழே ஊர் இருக்காது. படம் வரைந்த பிரதானி மட்டும் அரண்மனையில் பத்திரமாக இருப்பார்."

ராஜா கரையைப் பார்த்தார். கல்லின்மேல் சேற்று மீசையோடு உட்கார்ந்திருந்த தளவாயைப் பார்த்தார். கீழே ஈரக் கூரைகளிலிருந்து மறுபடியும் எழும்பிய புகையைப் பார்த்தார். பிரதானி பக்கம் திரும்பி, "உமக்கும் இங்கே குடியிருக்கத்தானே உத்தரவு?" என்றார்.

பிரதானி பேச்சை மாற்ற அவசரமாகத் தன் குடிசைக்குள் எட்டிப் பார்த்தார். "என் மெத்தை! என் மெத்தையைக் காணோம்!"

"கவலைப்படாதீர்கள், அய்யா" என்றான் தொப்பளான். "கரைக்குள்ளே இருந்து ஏரியைப் பார்த்துக்கொள்கிறது. உங்களுக்குப் பதிலாக."

அவ்வளவுதான். ராஜா வெடித்துச் சிரித்தார். யானை மிரண்டு காதை ஆட்டியது. சாமரக்காரர்கள் சிரித்தார்கள், மணியம் சிரித்தார், உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாமல் தளவாயும் சிரித்தார். பிரதானி மழைக்காலம் ஓயும்வரை அந்தக் குடிசையில், வெறும் கோரைப்பாயில், குடியிருக்கவேண்டும் என்று சிரிப்புக்கு நடுவிலேயே உத்தரவாயிற்று.

ராஜா யானையை விட்டு இறங்கி, தன் தோள்வளையைக் கழற்றித் தொப்பளானின் சேற்றுக் கையில் மாட்டினார். "இது என் சந்தோஷத்துக்கு. இனி உனக்கு வேண்டியதை நீ கேள்."

"மகாராஜா, சபையில் இனி எந்த உத்தரவு பிறந்தாலும் இரண்டு கேள்வி கேட்க எனக்கு உரிமை வேண்டும். யார் செய்வது? எதை விட்டுவிட்டுச் செய்வது? பதில் வந்த பிறகுதான் அது உத்தரவு."

"கொடுத்தேன்!" என்ற ராஜா, உற்சாகத்தில் அங்காயி கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். "கரையில் மண் சுமந்த அத்தனை பேருக்கும், அடிக்கரை முழுவதற்கும், இன்று அரண்மனை விருந்து!"

தொப்பளான் தொண்டையைக் கனைத்தான். "யார் செய்வது, மகாராஜா? எதை விட்டுவிட்டு?"

ராஜா அவனைப் பார்த்தார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"என் சமையல்காரர்கள் செய்வார்கள். நீ உன் பேச்சை விட்டுவிட்டு வந்து இலை போடு."

கூட்டம் ஆரவாரம் செய்தது. "பரவால்லப்பா, ராஜாவும் வேலை கத்துக்கிட்டாரு!" என்று அங்காயி உரக்கச் சொன்னாள். ராஜா அதற்கும் சிரித்தார். தொப்பளான் வாயை மூடிக்கொண்டு வாழைத்தோட்டத்தைப் பார்த்து நடந்தான்.